பெண்கள் கவுண்ட்டர்

இருபத்து மூன்று பேர். கோதையையும் என்னையும் சேர்த்தால் இருபத்தைந்து. விளக்கு இன்னும் அணையவில்லை, அதனால் எண்ண முடிகிறது. நாலாவது வரிசையில் தொப்பி போட்ட இரண்டு பெரியவர்கள், ஓய்வு பெற்றவர்கள்தான், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வேறு யாருக்கு ஒழியும். அந்தப் பக்கம் ஐந்து பெண்கள், என் வயசு இருக்கும், ஒருத்தி முந்தானைக்குள் முறுக்குப் பொட்டலத்தை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள், அட்டைப் பொட்டலத்தில் சோளப்பொரி வாங்க அவளுக்கு மனசு வரவில்லை. கடைசி வரிசை மூலையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும், கல்லூரிக்கு மட்டம். நடுவயசில் யாருமே இல்லை. வெளியே போகிற வழியை உள்ளே நுழைந்ததுமே பார்த்து வைத்துவிட்டேன். இடது பக்கம் ஒன்று, திரைக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டிலும் பச்சை எழுத்து எரிகிறது. நாலு பேர் சேர்ந்து போகலாம், அவ்வளவு அகலம். இதை எதற்குப் பார்க்கிறேன், இருபத்தைந்து பேரும் ஒன்றாக எழுந்து ஓடினால்கூட ஒருத்தர் தோள் இன்னொருத்தர் மேல் படாது. ஆனாலும் உள்ளங்கை வேர்க்கிறது. புடவையில் துடைத்துக்கொள்கிறேன், மறுபடி வேர்க்கிறது. கோதை என் தங்கை, பூங்கோதை, ஐம்பத்து மூன்று வயசு, ஓரத்து சீட்டில் உட்கார்ந்து இடது காலை நடைபாதையில் நீட்டி வைத்திருக்கிறாள். அவள் காலை அப்படித்தான் நீட்ட முடியும். மடக்கினால் இடுப்பில் வலி உயிர்போகும். வியாழக்கிழமை இடுப்பு மூட்டு ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு படம் பார்த்துவிட வேண்டும், அதுவும் அக்காவோடு பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாகப் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஒரு தடவைகூட என்கூட வந்ததில்லக்கா என்றாள். மயக்க மருந்து கொடுத்தால் எல்லாருமா முழிக்கிறார்கள் என்று அவள் சொல்லவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன், அதனால்தான் சரி என்றேன். நாற்பத்தாறு வருஷம் கழித்து ஒரு சினிமா தியேட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். என் பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அங்கயற்கண்ணி ஆச்சிக்கு சினிமா பிடிக்காது.

பிடிக்காது என்று யார் சொன்னது. யாரும் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை, அதுவே நிலைத்துவிட்டது. கிளை நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன், அங்கேயும் இதே கணக்குத்தான். பன்னிரண்டு வயசு வரைக்கும் பிள்ளைகள் வரும், படக்கதைக்கு அடித்துக்கொள்ளும். அப்புறம் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, வேலை விளம்பரம் பார்க்க வருவார்கள், ஒரு கண் பத்திரிகையில், ஒரு கண் எதிர் மேஜையில். அதற்கப்புறம் ஆளே காணாமல் போய்விடும். கல்யாணம், பிள்ளை, கடை, ஷிஃப்ட். அறுபது வயசில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள், நடுவில் எங்கேயும் போகாதவர்கள் மாதிரி. சினிமாவுக்கும் அப்படித்தான் என்று கோதை சொல்லுவாள், அவளுக்குத் தெரியாததா. அந்தக் காலத்தில் எல்லா வயசும் ஒரே கொட்டகையில் கிடந்தது, கைப்பிள்ளைக்காரி மணல் தரையில் துணியை விரித்துப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் படம் பார்ப்பாள், பக்கத்தில் பல் போன கிழவி வெற்றிலை இடிப்பாள். இப்போது முதல் நாள் இளவட்டங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை குடும்பங்களுக்கு, அதுவும் பரீட்சை இல்லாத ஞாயிறு. செவ்வாய்க்கிழமை காலை நமக்கு என்று சிரிப்பாள். ஆனால் இவள் ஒருத்தி எந்த வயசிலும் காணாமல் போகவில்லை. எட்டு வயசில் அப்பா சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். பதினாறில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு. அந்தக் காலை இழுத்துக்கொண்டே நாலு தெரு நடப்பாள். கல்யாணம் ஆன மறுவாரம் மாப்பிள்ளையோடு. முப்பதில் பால் புட்டியும் மாற்றுத் துணியும் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளை அழுதால் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பார்ப்பாளாம். மாப்பிள்ளை இறந்து வருஷம் திரும்பிய பிறகு தனியாக. ஒரு பொம்பளை தனியாக சினிமாவுக்குப் போகிறாளே என்று எங்கள் அண்ணன் தமிழரசனே கேட்டார். கோதை அடுத்த வாரமும் போனாள். எந்தக் கொட்டகை அவள் காலை எடுத்துக்கொண்டதோ அங்கேயே போய்ப் போய் உட்கார்ந்தாள். நான் வெளியில் இருந்தேன். அடிபட்டது அவளுக்கு, பயந்தது நான். இதை யாராவது ஒரு நாள் யோசித்துப் பார்த்திருந்தால் அவர்களுக்கு ஏதாவது புரிந்திருக்கும். யாரும் யோசிக்கவில்லை.

விளக்கு அணைகிறது. ஒரேயடியாக இல்லை, மெதுவாக, தண்ணீர் வடிகிற மாதிரி. சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடிக்கிறது, இவ்வளவு சத்தம் எதற்கு. கோதை என் பக்கம் சாய்ந்து, பயமா இருக்காக்கா என்கிறாள், விளையாட்டாகத்தான். நான் இல்லை என்று தலையை ஆட்டுகிறேன், இருட்டில் அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ. திரையில் ஒரு வீடு, ஒரு கல்யாணம், யாரோ கோபித்துக்கொண்டு போகிறார்கள். என்னால் தொடர முடியவில்லை. இருட்டு என்றால் எனக்கு இந்த இருட்டு இல்லை, வேறு இருட்டு. அந்தப் பழைய கொட்டகையில் பெண்கள் கவுண்ட்டருக்குப் போகிற வழி. இரண்டு பக்கமும் சுவர், மேலே இரும்புக் கம்பி, அதற்கு மேலே தகரம். ஒரு ஆள் போகிற அகலம், பருத்த பொம்பளை என்றால் பக்கவாட்டில்தான் போக வேண்டும். கடைசியில் ஒரு திருப்பம், திரும்பியதும் சுவரில் ஒரு ஓட்டை, அதுதான் கவுண்ட்டர். வெளிச்சமே கிடையாது. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, அத்தனை வருஷத்துத் தலைகள் உரசி உரசி. பொங்கலுக்கு வந்த படம். அண்ணனுக்கு அப்போது பதினேழு, அவருக்கும் கூட்டாளிகளுக்குமாக ஆறு டிக்கெட். ஆம்பளைங்க கியூவுல சட்டை கிழிஞ்சிரும், பொம்பளைங்க பக்கம் சுளுவாக் கிடைக்கும், நீ போய் வாங்கிட்டு வா என்று என்னிடம் காசைக் கொடுத்தார். எனக்குப் பன்னிரண்டு வயசு. என்னை நம்பி ஒரு காரியம் கொடுத்ததில் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. கோதை நானும் வருவேன் என்று அழுதாள், ஏழு வயசு, இழுத்துக்கொண்டு போனேன். இடது கையில் அவள், வலது கையில் காசு. கம்பிக்கதவு திறக்கிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, முன்னால் நின்ற ஒருத்தி எங்களுக்கு நெல்லிக்காய்கூடக் கொடுத்தாள். கதவு திறந்தது. பின்னாலிருந்து ஒரு தள்ளு. அவ்வளவு பொம்பளைகள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. கால் தரையில் இல்லை, மிதந்துகொண்டு போகிறேன், மூக்கு யாரோ ஒருத்தியின் முதுகில் அழுந்தியிருக்கிறது, மல்லிகைப்பூவும் வேர்வையும். இன்றைக்கும் கல்யாண வீட்டில் நெருக்கமாக நின்று மல்லிகை வாசம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன், காற்று வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். திருப்பத்துக்கு வந்துவிட்டேன். ஓட்டைக்குள் ஏற்கெனவே நாலைந்து கைகள் போய் நெளிகின்றன, வளையல் உடைகிறது. என் கையும் போய்விட்டது. ஆறு, ஆறு என்று கத்துகிறேன். அப்போது இடது கை பின்னால் இழுக்கிறது. கோதை. அக்கா போவம்க்கா, அக்கா போவம்க்கா. அவள் இழுக்க இழுக்க என் வலது கை ஓட்டையிலிருந்து வெளியே வருகிறது, ஒரு விரல் அளவு, இன்னொரு விரல் அளவு.

உதறினேன். கூட்டம் பிரிக்கவில்லை. கூட்டம் பிரித்தது என்றுதான் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மாவிடம், அப்பாவிடம், அண்ணனிடம், ஒரு தடவை கன்னத்தில் கை வைத்துக் கேட்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம். பிரிக்கவில்லை. நான் மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பி, ஒட்டிக்கொண்டதை உதறுகிற மாதிரி உதறினேன். இடது கை லேசாகிவிட்டது. அந்த லேசு நன்றாக இருந்தது. இதுதான், இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கொள்கிறேன், இதைத் தாண்டி வர முடியவில்லை. நன்றாக இருந்தது. கையில் ஆறு டிக்கெட் வந்து விழுந்தது, பச்சைக் காகிதம், அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு வந்ததில்லை. அடுத்த பக்க வழியாக வெளியே வந்து ஓடிப்போய் அண்ணனிடம் கொடுத்தேன். கெட்டிக்காரிடி என்று தலையில் தட்டினார். எண்ணிப் பார்த்தார். அப்புறம்தான் கேட்டார், கோதை எங்க என்று. அவர் கேட்கிற வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. தனியாகத் திரும்பி வாசல் பக்கம் போகப் பார்த்திருக்கிறாள், இழுத்து மூடுகிற அந்தக் கம்பிக்கதவுக்கும் தரைக்கும் நடுவில் அவள் கால் மாட்டி, அதன் மேல் எத்தனை பேர் ஏறிப் போனார்களோ. தூக்கிக்கொண்டு வந்தபோது அழவில்லை, அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டுப் போட்டார்கள், மூன்று மாசம், பிரித்துப் பார்த்தால் ஒரு கால் குட்டை. அன்று ராத்திரி அம்மா என்னை விறகுக் கட்டையால் அடித்தாள். பிள்ளையைக் கையில புடிக்கத் தெரியாத உனக்கு டிக்கெட்டு கேக்குதா என்று அடித்தாள். அண்ணனை யாரும் அடிக்கவில்லை. அடி விழுந்தபோது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது, இவ்வளவோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரர் படத்துக்குப் போகலாமா என்று கேட்டார், தலைவலி என்றேன். அடுத்த மாசமும் தலைவலி. அப்புறம் அவர் கேட்பதை விட்டுவிட்டார். போன மாசம் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து நடந்துதான் மூட்டு இப்படித் தேய்ந்திருக்கிறது, சின்ன வயசில் என்ன ஆச்சு என்று கேட்டார். கோதை, விழுந்துட்டேன் சார் என்றாள். அவள் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. நான்தான் என்று சொல்ல வாய் வந்தது, டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மூடிக்கொண்டேன்.

இடைவேளை என்று எழுத்து வருகிறது, விளக்கு எரிகிறது, எல்லார் முகமும் தூங்கி எழுந்த முகமாக இருக்கிறது. அந்தப் பையனும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டே படி இறங்குகிறார்கள். கோதை எழுந்திருக்கவில்லை. படம் எப்படி என்று கேட்கிறாள், நல்லாயிருக்கு என்கிறேன். நீ பாக்கவே இல்ல, நான் உன்னையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன் என்கிறாள். கொஞ்ச நேரம் சோளப்பொரியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள், தின்னவில்லை. அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். “அக்கா, ஒண்ணு சொல்லணும்னுதான் உன்னைய இங்க கூட்டிட்டு வந்தேன். ஆபரேஷனுக்குள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிரணும். அன்னைக்கு உன் கைய நான்தான் விட்டேன்.” எனக்குக் காதில் விழுகிறது, அர்த்தம் பிடிபடவில்லை. “அந்த சந்துல சுவத்துல போட்டோ ஒட்டியிருந்தான்ல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள, கலர் கலரா. அதப் பாக்கணும்னு கைய இழுத்துக்கிட்டேன். அதுக்குள்ள தள்ளிட்டாங்க. அம்மா உன்னையப் போட்டு அந்த அடி அடிச்சுச்சு, நான் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். வாயத் தொறக்கல. சொன்னா என்னையும் அடிக்கும்னு பயம். அதுக்கப்புறம் நீ சினிமாவுக்கே போகல. என்னாலதான போகல. இத நெனச்சு நெனச்சு எனக்கு எத்தன நாளு தூக்கம் வரல தெரியுமா.”

அந்த வழியில் போட்டோ கிடையாது. கண்ணாடிப் பெட்டி வாசலில் இருந்தது, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம், வெளியே. உள்ளே இருட்டு, வெறும் பிசுக்குச் சுவர். ஏழு வயசுப் பிள்ளை, அக்கா கையை விடமாட்டாள் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்ற மாதிரி மிச்சத்தைத் தானே கட்டியிருக்கிறாள். சுவரைக் கட்டி, கண்ணாடிப் பெட்டியை மாட்டி, உள்ளே கலர் போட்டோவும் ஒட்டி. கட்டிலோடு கிடந்த மூன்று மாசத்தில் கட்டியிருக்க வேண்டும். அதை நாற்பத்தாறு வருஷம் சுமந்திருக்கிறாள், ஒரு குட்டைக் காலோடு சேர்த்து. எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா, வெட்கமாக இருக்கிறது, நிம்மதி. அவளே சொல்லிவிட்டாள். பேசாமல் அவள் முதுகைத் தடவி, போனது போகட்டும் விடு என்று சொன்னால் போதும், அவளும் அழுது ஓய்வாள், வியாழக்கிழமை மனசு லேசாகி உள்ளே போவாள். இரண்டு பேருக்கும் நல்லது. சாகப் போகிறவளிடம், இல்லை, என்ன வார்த்தை இது, ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் உண்மையைச் சொல்லி அவளைக் கலக்குவதா. இப்படியெல்லாம் ஓடுகிறது மனசு, என்ன வேகம், எத்தனை நியாயம். அவள் லேசாவதைப் பற்றி எனக்கு என்ன கவலை. அந்த லேசு எனக்குத்தான் வேண்டியிருந்தது, அன்றைக்கும் இன்றைக்கும். தொப்பி போட்ட பெரியவர்கள் காப்பியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் நுழைகிறார்கள், ஒருத்தர் மற்றவருக்கு வழி விடுகிறார். விளம்பரம் ஓடுகிறது. இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கலாம். விளக்கு அணைந்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

“அங்க போட்டோ எதுவும் இல்ல கோதை. நான்தான் உதறுனேன். நீ போவம்க்கா போவம்க்கான்னு பின்னால இழுத்த. டிக்கெட்டு கெடைக்காமப் போயிருமேன்னு கைய உதறிட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்.” குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரலாகக் கேட்கிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோளப்பொரிப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைக்கிறாள். குனிய முடியாதவள் குனிந்து வைக்கிறாள், நான் வாங்கி வைக்கக் கை நீட்டவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறாள். தெரியாது, யாருக்கும் தெரியாது என்கிறேன். “அப்ப அம்மா சரியான ஆளத்தான் அடிச்சிருக்கு” என்கிறாள். சிரிக்கிறாளோ என்று பார்க்கிறேன். சிரிக்கவில்லை. விளக்கு அணைகிறது.

இரண்டாவது பாதியில் கூட்டம் சிரிக்கிற இடங்கள் வருகின்றன. அந்த ஐந்து பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரிக்கிறார்கள். கோதை எந்தப் படத்துக்கும் வாய்விட்டுச் சிரிப்பவள், பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு, மாப்பிள்ளை அதைச் சொல்லிக் கேலி செய்வார். இப்போது சத்தமே இல்லை. திரை வெளிச்சத்தில் அவள் முகம் நீலமாகிறது, மஞ்சளாகிறது. கண் திரையில்தான் இருக்கிறது, படத்தைப் பார்க்கிறாளா, இல்லை அந்தச் சந்துக்குள் போய் ஒவ்வொரு போட்டோவாகக் கழற்றிக்கொண்டிருக்கிறாளா. நான் ஏன் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரு காலை வாங்கினேன், இப்போது இவளுக்கு இருந்த சினிமாவையும் வாங்கிவிட்டேனோ. இனி எப்போது தியேட்டருக்குள் வந்தாலும் அக்கா உதறிய கைதானே ஞாபகம் வரும். எனக்கு வந்த நோயை அவளுக்கு ஒட்டவைத்துவிட்டேன். இல்லை, அவள் நாற்பத்தாறு வருஷமாகத் தன்னைத்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தாள், அதையாவது எடுத்தேனே. எடுத்தேனா. எடுத்த இடத்தில் எதை வைத்தேன். மனசு செக்குமாடாகச் சுற்றுகிறது, கண்ணைத் திரையில் வைக்கிறேன். அங்கே ஒரு கிழவன் ரயிலுக்காகக் காத்திருக்கிறான், எந்த ரயில், எங்கே போகிறான், ஒன்றும் தெரியவில்லை, அவனைப் பார்த்து என் கண்ணில் தண்ணீர் வருகிறது. இவனுக்காகவா அழுகிறேன். ஒரு தடவை கோதையின் முழங்கை என் மேல் பட்டது. உடனே எடுத்துக்கொண்டாள். வலிக்காகத்தான் அசைந்திருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

படம் முடிந்தது. துடைப்பத்தோடு ஒரு பெண் வந்து மேல் வரிசையிலிருந்து கூட்டத் தொடங்கினாள். அடுத்த காட்சிக்குக் கதவுக்கு வெளியே கல்லூரிப் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எல்லாரும் போகட்டும் என்று கோதை உட்கார்ந்திருந்தாள், அவள் எப்போதும் கடைசியாகத்தான் எழுந்திருப்பாள். நான் எழுந்து நின்றேன். அவள் சீட்டின் கைப்பிடியை ஊன்றிக்கொண்டு தானாக எழுந்தாள். படிக்குப் படி நின்று, கம்பியைப் பிடித்து இறங்கினாள், நான் ஒரு படி பின்னால் வந்தேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். என்னைப் பார்க்காமல், “வியாழக்கிழமை நீ ரூமுக்கு வர வேணாம்க்கா. எம் மக பெங்களூர்ல இருந்து வர்றா. அவ இருந்துக்கிருவா” என்றாள். கோபமான குரலாக இல்லை, களைத்த குரலாக இருந்தது, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் வரவில்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் என் வாய், கீழ வராண்டாவுல பெஞ்சு கெடக்குமே, அங்க உக்காந்துக்கிறேன், மேல வரல என்று சொன்னது. இன்னும் நாலு படி இறங்கினாள். வாசலுக்கு வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கல்லூரிப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசிப் பிள்ளையும் போகிற வரைக்கும் நின்றாள்.

“காலையில ஏழு மணிக்கெல்லாம் உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்களாம்” என்றாள்.